மூன்று ரவைக்கூடும் ஒரு தேவைக் குழுவும்

ஒரு மனுஷிக்கு எத்தனை சோடிச் செருப்பு வேண்டும், எத்தனை சட்டி பானை வேண்டும், எத்தனை பிள்ளை வேண்டும் என்பதையெல்லாம் டென்மார்க்கில் அவளே தீர்மானித்துக்கொள்ளலாம். அவ்வளவு சுதந்திரமான நாடு அது. அவளுடைய கைத்துப்பாக்கிக்கு உதிரியாக எத்தனை ரவைக்கூடு, அதாவது குண்டு நிரப்பும் கூடு, வேண்டும் என்பதை மட்டும், ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வெளியே ஒரு பன்றிப் பண்ணைக்கும் ஒரு காற்றாலைக்கும் நடுவிலிருந்த சூட்டுக் கழகக் கட்டடத்தில், ஐந்து பேர் கேக் தின்றுகொண்டு தீர்மானித்தார்கள். அதற்கு அவர்களுக்கு ஏழு மாதம் பிடித்தது. கேக் மட்டும் பதினொன்று முடிந்தது.

வினோதாவுக்கு நாற்பத்தொன்பது வயது. நகரசபை நடத்தும் முதியோர் இல்லத்தில் இருபத்தொரு வருடமாகப் பராமரிப்பு வேலை. அங்கே ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு மணி இருக்கும். மணி அடித்தால் போக வேண்டும். தண்ணீர் கேட்டும் அடிப்பார்கள், மலசலகூடம் போகவும் அடிப்பார்கள், சும்மா யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கவும் அடிப்பார்கள். வினோதா எல்லாவற்றுக்கும் போவாள்.

அவள் சுடப் போனதே ஒரு தற்செயல். ஊழியர்களிடையே ஒற்றுமையை வளர்க்க வேண்டுமென்று இல்லத்து நிர்வாகி ஒரு சனிக்கிழமை எல்லோரையும் வெளியே கூட்டிப்போனாள். பந்து உருட்டும் விளையாட்டுக்கு இடம் நிரம்பிவிட்டதால் மிச்சப் பேரைச் சூட்டுக் கழகத்துக்கு அனுப்பினார்கள். வினோதா ஐந்து ரவை சுட்டு ஐம்பதுக்கு நாற்பத்தேழு எடுத்தாள். சொல்லிக்கொடுத்தவர் குறி அட்டையை இரண்டு தரம் பார்த்துவிட்டு, திங்கட்கிழமையும் வா என்றார். அவள் போனாள். புள்ளிக்காகப் போகவில்லை. அங்கே சுடும்போது காதுக்குக் கவசம் போட வேண்டும். அதைப் போட்டுக்கொண்டால் ஒரு மணித்தியாலத்துக்கு யாரும் அவளைக் கூப்பிட முடியாது. அவளுடைய வாழ்க்கையில் அப்படியான மணித்தியாலம் வேறு இருக்கவில்லை.

கணவன் நீக்கிலாஸுக்கு ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. முதல்நாள் அவன் தலையில் கைவைத்தான்.

"சூட்டுக்குப் பயந்து ஓடி வந்த ஆக்கள் நாங்கள். இஞ்சை வந்து ஆசைப்பட்டுச் சுடப் போறீரோ?"

"அங்கை ஆளைச் சுடுறேல்லை. அட்டையைத்தான்."

"அட்டைக்கும் நோகும்" என்று சொல்லிவிட்டு, அவன் அவளுடைய கழகச் சட்டையை எடுத்து ஸ்திரிக்கை போட்டான். அதோடு அந்த விவாதம் முடிந்தது.

இரண்டு வருடம் கழித்துச் சொந்தமாகக் கைத்துப்பாக்கி வாங்க விண்ணப்பித்தாள். பொலிஸ் அவளுடைய பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்து, இரும்புப் பெட்டகம் இருக்கிறதா என்று கேட்டு, ஆறு கிழமையில் அனுமதி கொடுத்துவிட்டது. துப்பாக்கியோடு ஒரு ரவைக்கூடு வந்தது. அதற்குள் ஐந்து ரவை போடலாம்.

சிக்கல் அங்கே இல்லை. அந்த வருடம் கழகம் பதினொரு வருடத்துக்குப் பிறகு சில்க்போர்க்கில் நடக்கும் வட்டார இறுதிப் போட்டிக்குத் தெரிவானது. மூன்று பேர் கொண்ட அணி. முதல் ஆள் வினோதா. இரண்டாம் ஆள் கழகச் செயலாளர் லிஸ்பெத். மூன்றாம் ஆள் தலைவர் பிரெபன். போட்டி விதி எளிமையானது: தொடங்கும்போது ஒவ்வொருவர் மேசையிலும் ரவை நிரப்பிய மூன்று ரவைக்கூடு இருக்க வேண்டும், இல்லாதவர் சுட முடியாது, ஒருவர் சுடாவிட்டால் அணியே வெளியே. வினோதாவுக்கு இன்னும் இரண்டு வேண்டும். கடைக்குப் போனால், உன் கழகத்தின் தேவைக் குழுவிடம் கடிதம் வாங்கி வா என்றார்கள். அது அரசாங்கச் சட்டம் அல்ல. கழகம் தானே தனக்குப் போட்டுக்கொண்ட விதி. அதனால் அது சட்டத்தைவிடக் கடுமையானது.

விண்ணப்பத்தில் இரண்டே கட்டங்கள். எத்தனை? ஏன்?

"ரெண்டு" என்றாள் வினோதா, பேனையைத் திறந்தபடி.

"ரெண்டு வேணுமெண்டா மூண்டு எழுதும்" என்றான் நீக்கிலாஸ்.

"ஏன்?"

"அளவாச் சமைச்சா, ஆரும் வந்தா என்ன குடுப்பீர்?"

இது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு பேர் மட்டும் இருக்கும் அந்த வீட்டில் நான்கு பேருக்குக் குறைய ஒருநாளும் உலை வைத்ததில்லை. கழகத்திலும் யாருடையதாவது சிக்கிக்கொண்டால் கேட்பார்கள், கொடுக்க ஒன்று இருந்தால் நல்லது. அவள் மூன்று என்று எழுதினாள். ஏன் என்ற கட்டத்தில், "இரண்டு போட்டிக்கு, ஒன்று யாராவது வந்தால் கொடுக்க" என்று திருத்தமான டேனிஷில் எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

ஒக்டோபரில் குழு கூடியது. ஐந்து பேரும் மூன்று வருடமாக அவளோடு திங்கட்கிழமை தோறும் சுடுபவர்கள். இருந்தும் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகத் தங்கள் பெயரையும், இன்று மனம் எப்படியிருக்கிறது என்பதையும் சொன்னார்கள். டேனிஷில் எல்லோரும் எல்லோருக்கும் நீதான். தலைவரும் நீ, தரை கூட்டுபவரும் நீ. அதனால் அங்கே எல்லோரும் சமம் என்று அவர்கள் மனதார நம்புகிறார்கள்.

பிரெபன் ஓய்வுபெற்ற காப்புறுதி அதிகாரி. வெள்ளைத் தாடி, கம்பளிச் சட்டை, எதையும் கோபமில்லாமல் மறுக்கக்கூடிய குரல். கைகளை மேசைமேல் விரித்துவைத்துப் பேசினார்.

"டென்மார்க் நம்பிக்கையின்மேல் கட்டப்பட்ட நாடு, வினோதா. நான் உன்னை நம்புகிறேன். நீ என்னை நம்புகிறாய். அதனால்தான் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்கிறோம். நீ எழுதித் தராவிட்டால் நான் எதை நம்புவது?"

லிஸ்பெத் கண்ணாடியை மூக்கில் இறக்கினாள். "யாராவது வந்தால் என்று எழுதியிருக்கிறாய். யார் வருவார்கள்?"

"ஆரும் வரலாம்."

"எத்தனை பேர்?"

"அது எப்பிடித் தெரியும்? சொல்லிப்போட்டே வருவினம்?"

ஒருவர் வாய்க்குக் கொண்டுபோன கேக்கைத் திரும்ப வைத்தார். முன்கூட்டிச் சொல்லாமல் ஆட்கள் வருவார்கள் என்பதுதான் அந்த மேசையில் அதுவரை பேசப்பட்ட எல்லாவற்றிலும் பயங்கரமான செய்தி. துப்பாக்கி அதற்குக் கிட்டவும் வராது. வினோதா விளங்கப்படுத்திப் பார்த்தாள். இது வீட்டுக்கு வருபவர்களைப் பற்றியதல்ல, இது ஒரு பழக்கம், எதிலும் ஒன்று கூடுதலாக வைத்திருப்பது, கேட்டவருக்குக் கொடுப்பது. லிஸ்பெத் தலையாட்டிக்கொண்டே குறிப்பேட்டில் எழுதினாள்: "முன்னறிவிப்பின்றி வரும், அடையாளம் தெரியாத, எண்ணிக்கை குறிப்பிடப்படாத நபர்களுக்கு ஆயுத உறுப்புகளை வழங்கும் நோக்கம்."

"அப்ப அந்த ஒண்டை வெட்டிவிடுங்கோ. ரெண்டு காணும்" என்றாள் வினோதா.

பிரெபன் அனுதாபத்தோடு சிரித்தார். "வெளிப்பட்ட தேவையை அழிக்க முடியாது. அது இப்போது எங்கள் எல்லோருடைய பொறுப்பு."

விண்ணப்பம் கருத்துக் கேட்பதற்காகத் தீயணைப்பு நிலையத்துக்கும், பறவைகள் பாதுகாப்புச் சங்கத்துக்கும், நகரசபையின் கலந்துரையாடல் இணைப்பாளருக்கும் போனது. இரண்டானாலும் மூன்றானாலும் ஒரே மாதிரித்தான் எரியும் என்று தீயணைப்பு நிலையம் எழுதியது. பறவைச் சங்கம் ஏழு பக்கம் எழுதியது. ஏழும் ஆட்காட்டிக் குருவியைப் பற்றியது. கலந்துரையாடல் இணைப்பாளர் விடுமுறையில் இருந்தார். அவர் பதில் போடுவதற்குள் டிசம்பர் போய்விட்டது.

ஜனவரியில் கோப்பன்ஹேகனிலிருந்து தேவை ஆலோசகர் ஒருத்தி வந்தாள். மலேன என்று பெயர். கழுத்தில் பெரிய மரமணி மாலை. கழக மண்டபத்தின் நடுவில் மூன்று கதிரைகள் போட்டு, அவற்றின்மேல் அட்டைகளை ஒட்டியிருந்தாள். எனக்கு வேண்டும். எனக்குப் போதும். எனக்குப் பயம்.

"எந்தக் கதிரை உன்னைக் கூப்பிடுகிறது?" என்று கேட்டாள்.

காலை ஆறு மணியிலிருந்து வேலை செய்துவிட்டு வந்த வினோதா, கைப்பிடி இருந்த ஒரே கதிரையில் உட்கார்ந்தாள். அது போதும் என்ற கதிரை. மலேன மற்றவர்களைப் பார்த்து அர்த்தத்தோடு தலையசைத்தாள்.

"உன்னுடைய கலாசாரத்தில் எத்தனை ரவைக்கூடு இயல்பானது?"

ரவைக்கூடு என்ற சொல்லை வினோதா டேனிஷில் கற்கும் முன்பே தமிழில் அறிந்திருந்தாள். ஒன்பது வயதில், யாழ்ப்பாணக் கரையோரத்தில், முற்றத்தில் கிடந்த வெறும் ரவைக்கூடு ஒன்றைத் தூக்கிக் கிணற்றுக்கட்டில் வைத்ததற்காகத் தாய் அடித்த அடி கையில் இன்னும் இருக்கிறது. அது எந்தத் தரப்பாருடையது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. எவருடையதாக இருந்தாலும் மற்றவர் வந்து கேட்பார். அன்றே வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள். இதையெல்லாம் மரமணி மாலைக்குச் சொல்ல அவளுக்கு மனமில்லை.

"எங்கடை வீட்டிலை ஒண்டும் இருக்கேல்லை. சுட வந்த ஆக்களிட்டைத்தான் இருந்தது" என்றாள்.

மலேனவின் கண் கலங்கியது. ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுகையால் எழுதினாள்: "குழந்தைப் பருவம் முதல் ரவைக்கூடுகளோடு நெருங்கிய உறவு." பிறகு, இந்த அனுபவத்தைத் தன்னுடைய விரிவுரையில் பயன்படுத்திக்கொள்ளலாமா, அங்கே மதிய உணவும் உண்டு என்று கேட்டாள்.

வினோதா எழுந்துபோய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினாள். இருபத்தொரு வருடமாக முதியோர் இல்லத்தில் மனித உடம்பிலிருந்து வரக்கூடிய எல்லாவற்றையும் துடைத்தவள் அவள். அங்கேகூட ஒருநாளும் இவ்வளவு நேரம் கை கழுவியதில்லை.

"விட்டுத் துலையும் வினோ. இந்த மானங்கெட்ட வேலை எங்களுக்கெதுக்கு?" என்றான் நீக்கிலாஸ், அன்றிரவு.

"விட்டா அணியிலை இல்லை. அணியிலை இல்லையெண்டா அங்கை என்னெண்டு முகம் குடுக்கிறது? பிறகு திங்கட்கிழமையும் இல்லை." அவள் சப்பாத்தைக் கழற்றினாள். "எனக்கெண்டு வேறை என்ன கிடக்கு, சொல்லுங்கோ பாப்பம்."

அவன் தேநீருக்குத் தண்ணீர் வைத்தான். அவனுக்கும் அப்படி ஒன்றும் இருக்கவில்லை.

மார்ச்சில் வீட்டைப் பார்வையிட டொர்பன் என்ற குழு உறுப்பினர் வந்தார். இரும்புப் பெட்டகத்தை இரண்டு நிமிடத்தில் பார்த்து முடித்தார். பிறகு, விண்ணப்பதாரியின் சேமிப்புப் பழக்கத்தையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று சமையலறைக்குள் நுழைந்தார். அலுமாரியைத் திறந்தார். இருபது கிலோ அரிசி மூட்டை நான்கு. மீன் டின் முப்பத்திரண்டு. கழுவிக் காயவைத்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய ஐஸ்கிரீம் பெட்டி முப்பத்தேழு. மேல்தட்டில் துணியால் மூடிய கோப்பைகள்.

"இந்த வீட்டில் எத்தனை பேர்?"

"ரெண்டு."

"சாப்பாட்டுக் கோப்பைகள்?"

"தொண்ணூற்றாறு."

"யாருக்கு?"

"சனத்துக்கு" என்றான் நீக்கிலாஸ். அதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்ல முடியும் என்று அவனுக்குத் தெரியவில்லை. வந்தவரைச் சும்மா அனுப்பக்கூடாதென்று தேநீர் ஊற்றி, அப்போதுதான் பொரித்த மீன் ரோல்ஸைத் தட்டில் வைத்தான். டொர்பன் நான்கு சாப்பிட்டார். ஆறைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தபோது மனைவிக்கென்று வாங்கிக்கொண்டார்.

அவருடைய அறிக்கை மூன்று பக்கம். எதையும் வீசாமல் குவித்துவைக்கும் போக்கு ஆழமாக வேரூன்றியிருப்பதாக அது சொன்னது. "சனம்" என்ற குழுவின் தலைமை பற்றி மேலும் விசாரிக்கலாம் என்றது. கடைசி வரி இது: "உணவின் மூலம் செல்வாக்குச் செலுத்தும் முயற்சி நடந்தது. பத்து ரோல்ஸ். சுவை நன்று." ஐஸ்கிரீம் பெட்டி திரும்பி வரவில்லை.

ஏப்ரல் கடைசியில் முடிவெடுக்கும் கூட்டம். ஒருவர் ஒன்றுமே வேண்டாம் என்றார். ஒருவர் ஒன்று. ஒருவர் இரண்டு. டொர்பன், ரோல்ஸின் நினைவாக இருக்க வேண்டும், மூன்று என்றார். பிரெபன் எல்லோருக்கும் பொதுவானவராக இருந்தார். யாரும் மனம் வருந்தக்கூடாது என்பது கழகத்தின் கொள்கை. ஆகவே கூட்டிப் பிரித்தார்கள். ஒன்றரை வந்தது.

அரை ரவைக்கூடு என்றால் என்ன என்பதில் நாற்பது நிமிடம் போனது. இரண்டரை ரவை போடுவதா, ஒன்றுவிட்ட கிழமைகளில் பாவிப்பதா என்று ஆராய்ந்தார்கள். முடிவில் ஒன்றை உடனடியாகவும், அரையைக் கொள்கையளவிலும் வழங்கினார்கள். கை தட்டினார்கள்.

"போட்டிக்கு மொத்தம் மூண்டு வேணும். இதோடை என்னட்டை ரெண்டுதான் இருக்கும்" என்றாள் வினோதா.

"அது போட்டியின் தேவை" என்றார் பிரெபன், மிக மென்மையாக. "நாங்கள் உன்னுடைய தேவையைத்தான் பார்த்தோம். ஒரு மனிதரை ஒரு போட்டியாகப் பார்ப்பது எங்களுக்கு உவப்பானதல்ல. கவலைப்படாதே, அன்றைக்கு வா. பார்த்துக்கொள்ளலாம்."

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் பிரெபனின் காரில் சில்க்போர்க்குக்குப் போனார்கள். சுடுதளத்தில் பன்னிரண்டு அணிகள். வினோதா தன் மேசையில் துப்பாக்கியை வைத்து, பக்கத்தில் தன்னுடைய இரண்டு ரவைக்கூடுகளையும் வைத்தாள். தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. கடைசிப் பயிற்சிகளில் அவள் சுட்டதுபோல் முன்பு ஒருநாளும் சுட்டதில்லை. இன்றைக்கு இந்த அறையில் தன்னை வெல்ல ஆளில்லை என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

பிரெபன் தன் பையிலிருந்து ஒரு நீல நிறத் தகர டின்னை எடுத்து அவளுடைய மேசையில் வைத்தார். வெண்ணெய் பிஸ்கட் வரும் வட்ட டின். மூடியைத் திறந்தார். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக ரவைக்கூடுகள்.

"எடு. எல்லாம் உன் துப்பாக்கிக்குப் பொருந்தும்."

வினோதா டின்னைப் பார்த்தாள். பிறகு லிஸ்பெத்தின் மேசையைப் பார்த்தாள். அங்கே இருந்த மூன்றில் இரண்டு இதே டின்னிலிருந்து வந்தவை என்பது தேய்மானத்திலேயே தெரிந்தது. அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்து எண்ணினாள். எண்ணியதும் திரும்ப டின்னுக்குள் போட்டாள்.

"இவ்வளவுக்கும் ஆர் அனுமதி தந்தது?"

பிரெபனுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "அனுமதியா? குழுவே நான்தானே."

"ஏன் இவ்வளவு?"

"எப்போதும் இருந்தவை. நண்பர்கள் யாராவது கேட்டால் கொடுப்பேன். நாங்கள் அப்படித்தான், ஒருவரையொருவர் நம்புகிறவர்கள்." அவர் அவளுடைய தோளில் தட்டினார். "எடு, நேரமாகிறது."

அப்போது நடுவர் வந்தாள். வெளியூர்க்காரி. கையில் பட்டியல். ஒவ்வொருவருடைய கருவியும் அவரவர் கழகக் கடிதத்தோடு ஒத்துப்போக வேண்டும். அவள் டின்னைப் பார்த்தாள், வினோதாவின் கடிதத்தைப் பார்த்தாள். "இவை யாருடையவை?"

பிரெபன் தன் துப்பாக்கியைத் துடைக்கத் தொடங்கினார். லிஸ்பெத் தன்னுடைய சப்பாத்தைப் பார்த்தாள். பிறகு, பொய் சொல்லத் தெரியாத ஒரு நாட்டின் குரலில், "டின் வினோதாவின் மேசையில் இருக்கிறது" என்றாள். அது முழு உண்மை.

பிரெபனும் லிஸ்பெத்தும் வினோதாவைப் பார்த்தார்கள். பகையாகப் பார்க்கவில்லை. வாசலில் நின்றுகொண்டு அவள் கதவைத் திறப்பாள் என்று காத்திருப்பவர்கள் மாதிரி, நிச்சயத்தோடு பார்த்தார்கள். அந்த நிச்சயம்தான் அவளுக்கு அருவருத்தது. பேசாமல் இருந்தால் ஒருவேளை ஒரு எச்சரிக்கையோடு சுட விடுவார்கள். அதன்பிறகு கழகத்தில் அவள் பிஸ்கட் டின் நிறைய ரவைக்கூடு பதுக்கியவள். அதற்கு ஆதாரமாகத் தொண்ணூற்றாறு கோப்பைகள் ஏற்கெனவே எழுத்தில் இருந்தன. பேசினால் சுட முடியாது. அவளுடைய கை சுடுவதற்கு ஆசைப்பட்டுக் குறுகுறுத்தது.

"பிரெபனின்ரை டின்" என்றாள். "பத்தொன்பது கிடக்கு. லிஸ்பெத்தின்ரை மேசையிலை இன்னும் ரெண்டு. நான் எண்ணிப்போட்டன்."

அணியை வெளியேற்றினார்கள். திரும்பி வரும் வழியில், ஹெர்னிங் நகரைத் தாண்டியபோது லிஸ்பெத், "இதை நாம் ஒரு கலந்துரையாடலாகச் செய்திருக்கலாம்" என்றாள்.

ஜூனில் விசேட பொதுக்கூட்டம். முதலாவது விடயம், உடைந்த நம்பிக்கை. பிரெபன் எழுந்து நின்றார்.

"இருபத்தொன்று என்பது ஒரு எண். எண்கள் மனிதரைப் பிரிக்கின்றன. நாற்பது வருடமாக நான் ஒருமுறைகூட எண்ணியதில்லை. ஏன்? உங்களை நம்பினேன். எண்ணியது யார் என்று நான் சொல்லப் போவதில்லை. பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவது எங்கள் வழக்கமல்ல."

எல்லோரும் வினோதாவைப் பார்த்தார்கள். முதியோர் இல்லத்தில் அவளோடு வேலை செய்கிற ஒருத்தியும் அங்கே இருந்தாள். அவளும் பார்த்தாள்.

இரண்டாவது விடயம், தலைவரின் தேவையை ஒழுங்குபடுத்துவது. அவர் விண்ணப்பம் நிரப்பியிருந்தார். எத்தனை: இருபத்தொன்று. ஏன்: எப்போதும் இருந்தவை. தன்னுடைய விடயத்தில் தானே வாக்களிப்பது முறையல்ல என்பதால் பிரெபன் கோப்பி போடக் குசினிக்குள் போனார். தண்ணீர் கொதிக்கும் முன்பே தேவை ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. மூன்றாவது விடயமாக, வினோதாவுக்குக் கொள்கையளவில் வழங்கப்பட்ட அரை ரவைக்கூடு திரும்பப் பெறப்பட்டது. போட்டியில் அவள் சுடாததால் அப்படி ஒரு தேவை இருந்ததாகவே நிரூபிக்கப்படவில்லை என்று லிஸ்பெத் வாசித்தாள்.

வினோதா எழுந்தாள். அன்று காலையில்தான் துப்பாக்கியைக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை மாலைகளில் மேலதிக வேலைக்குத் தன் பெயரை எழுதிவிட்டு வந்திருந்தாள். கைப்பையைத் திறந்து தன்னுடைய இரண்டு ரவைக்கூடுகளையும் எடுத்துப் பிரெபனுக்கு முன்னால் மேசையில் வைத்தாள்.

"இதையும் நீங்களே வைச்சிருங்கோ. இருபத்திமூண்டாகும்."

பிரெபன் நெகிழ்ந்துபோனார். நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னார். இரண்டையும் டின்னுக்குள் போட்டு, இரண்டு கையாலும் அழுத்தி மூடினார். "இரண்டு கிடைத்தன, நன்றி" என்று லிஸ்பெத் குறிப்பேட்டில் பதிந்துவிட்டு, கேக்கை வெட்டக் கத்தி கேட்டாள்.

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.